விழிப்புலனற்ற மாணவரின் பாடநூல் தட்டெழுத்து மேசையிலேயே ஆரம்பமாகிறது

ஆண்டுதோறும் ஜனவரி 4 ஆம் திகதி உலக பிறெயில் தினமாகவும், ஒக்டோபர் 15 ஆம் திகதி வெள்ளைப் பிரம்பு தினமாகவும் நினைவுகூரப்படுகின்றன. அத்தினங்களில் கூட்டங்கள் நடைபெறுகின்றன, உரைகள் நிகழ்த்தப்படுகின்றன, விழிப்புலனற்றோரின் உரிமைகள் பற்றிப் பலரும் உருக்கமாகப் பேசுகின்றனர். அவை வேண்டாதவை என்று எவரும் கூறமாட்டார்கள். ஆயினும், விழிப்புலனற்ற ஒரு மாணவர் விரல்களால் தடவி வாசிக்கும் அந்தப் பக்கம் யாரால், எவ்வாறு உருவாகிறது என்ற கேள்வி இவ்வுரைகளில் அரிதாகவே எழுகிறது. அக்கேள்விக்கான விடை அச்சியந்திரத்தில் இல்லை. அது தட்டெழுத்து மேசையில் இருக்கிறது. இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள விடயம் அதுவேயாகும்.

மலையகப் பெருந்தோட்டப் பகுதிகளைப் பொறுத்தவரை இது மேலும் கூர்மையான பிரச்சினையாகும். தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசாங்கத்தின் பொறுப்பில் எடுக்கப்பட்டன. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்குக் கிடைத்த கல்வி, லயன் அறைகளில் வாழ்ந்த பிள்ளைகளுக்குக் காலந்தாழ்த்தியே கிடைத்தது. அவ்வாறு தாமதித்து வந்த கல்வியும் விழிப்புலனற்ற பிள்ளையிடம் இன்னும் தாமதித்தே வந்து சேருகிறது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்டத்தில் பிறந்த அத்தகைய பிள்ளைக்கு இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, பெற்றோரைப் பிரிந்து தொலைதூரத்தில் உள்ள சிறப்புப் பாடசாலைக்குச் செல்வது. 1912 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டு இரத்மலானையில் இயங்கும் பாடசாலையும், யாழ்ப்பாணம் கைதடியில் உள்ள நவீல்ட் பாடசாலையும் அத்தகையவை. இரண்டுமே மலைகளுக்கு அப்பால், வேறு மாகாணங்களில் உள்ளன. மற்றைய வழி, ஊரிலுள்ள சாதாரண பாடசாலையிலேயே ஏனைய மாணவருடன் அமர்ந்து கற்பது. இரண்டாவது வழி நடைமுறையில் வெற்றிபெற வேண்டுமாயின், ஏனைய மாணவருக்குக் கிடைக்கும் அதே பயிற்சித்தாளும் அதே தவணைப் பரீட்சை வினாத்தாளும் அதே நாளில் அவருக்குப் பிறெயிலில் கிடைக்க வேண்டும்.

சட்டத்தின் பக்கத்தில் குறை அதிகம் இல்லை. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் நிறைவேற்றப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. வெளியிடப்பட்ட நூல்களை விழிப்புலனற்றோர் வாசிக்கத்தக்க வடிவங்களுக்கு மாற்றுவதற்குப் பதிப்புரிமை தடையாகக் கூடாது என்னும் நோக்குடன் 2013 இல் உருவான மரகேஷ் உடன்படிக்கையிலும் இலங்கை 2016 இல் இணைந்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோர் ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமத்துடன் வாழ்கின்றனர். அச்சிரமங்களுள் பார்வை சார்ந்ததே மிக அதிகமாகும். உரிமை ஏட்டில் உள்ளது. தேவை கண்முன்னே உள்ளது. இடையில் விடுபட்டிருப்பது ஒழுங்காகத் தயாரிக்கப்பட்ட ஆவணமே.

ஆறு புள்ளிகளின் கணக்கு

பிறெயில் முறையைக் கண்டவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த லூயி பிறெயில் ஆவார். 1809 இல் பிறந்த அவர், சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் கூரிய கருவியொன்று கண்ணில் பட்டதால் சிறு வயதிலேயே பார்வையை இழந்தார். சார்ல்ஸ் பார்பியே என்பவர் உருவாக்கிய பன்னிரு புள்ளி முறையை ஆராய்ந்து, விரல் நுனியில் ஒரே தொடுகையில் அடங்கத்தக்கதாக அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். அவரது முறை 1829 இல் நூலாக வெளிவந்தது. இடப்புறம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்புறம் அவ்வாறே 4, 5, 6 என்பது புள்ளிகளின் வரிசை. இந்த ஆறினைக் கொண்டு 63 வெவ்வேறு குறிகளை அமைக்கலாம்.

இந்திய உபகண்டத்தின் மொழிகளுக்கு ஒலி ஒப்புமையின் அடிப்படையில் பொதுவான பிறெயில் முறை ஒன்று 1951 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்குப் பாரதி பிறெயில் என்று பெயர். தமிழ்ப் பிறெயில் அதன் வழி வந்ததே. சிங்களப் பிறெயிலும் பெருமளவு அதனையே பின்பற்றுகிறது. 1, 3 ஆகிய இரு புள்ளிகளைத் தொட்டால் தமிழில் அது 'க'. சிங்களத்திலும் அது ககரமே. ஆங்கிலத்தில் அது 'கே'. அரபு மொழியில் அது 'காஃப்'. நான்கு மொழிகளைச் சேர்ந்த பிள்ளைகள் ஒரே குறியைத் தடவித் தத்தம் மொழியின் ககரத்தை அறிகின்றனர். எமது நாட்டில் மொழியின் பெயரால் நடந்தவற்றை நினைக்கும்போது, இது மனதுக்கு ஆறுதல் தரும் செய்தியாகும். ஆனால் இதே ஒற்றுமைதான் ஆவணம் தயாரிப்போர் மீது ஒரு கடமையையும் சுமத்துகிறது. அதனைப் பின்னர் கூறுவோம்.

தமிழ்ப் பிறெயிலில் உயிர்மெய் எழுத்து தனியொரு குறியாக அமைவதில்லை. மெய்யை முதலிலும் உயிரை அதன் பின்னும் எழுத வேண்டும். உயிர் எதுவும் தொடராவிட்டால் அகரம் உள்ளடங்கியதாகக் கொள்ளப்படும். புள்ளி பெற்ற மெய்யாயின், 4 ஆம் புள்ளியை முன்னே இட்டு அதன் பின் எழுத்தை எழுத வேண்டும். எமது மலைகளின் வாழ்வாதாரமான 'கொழுந்து' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அச்சில் இது நான்கு எழுத்து. பிறெயிலில் க, ஒ, ழ, உ, புள்ளிக் குறி, ந, த, உ என எட்டுக் குறிகளாகும். வழக்கமான பெரிய பிறெயில் தாளில் ஒரு வரிக்கு ஏறத்தாழ 40 குறிகளும் ஒரு பக்கத்துக்கு 25 வரிகளுமே கொள்ளும். ஆதலால் அச்சில் ஒரு பக்கமாக உள்ள பாடம் பிறெயிலில் இரண்டு, மூன்று பக்கங்களாக விரிகிறது. தேவையற்ற ஒவ்வொரு இடைவெளியும் புள்ளிக்கோடும் அங்கே தாளையும் வாசிப்பவரின் நேரத்தையும் விழுங்குகின்றன.

எழுத்துருவில் மறைந்திருக்கும் தடை

இன்று பிறெயில் நூல்கள் பெரும்பாலும் கணினியின் உதவியுடனேயே தயாராகின்றன. சொற்செயலியில் தட்டெழுதப்பட்ட ஆவணத்தை மொழிமாற்றி மென்பொருள் பிறெயில் குறிகளாக மாற்றுகிறது. பின்னர் புடைப்பச்சு இயந்திரம் அக்குறிகளைத் தடித்த தாளில் எழுப்புகிறது. டக்ஸ்பரி போன்ற விலைக்குரிய மென்பொருட்களும், 2002 இல் தொடங்கப்பட்ட லிப்லூயி போன்ற இலவசத் திறந்த மூல மென்பொருட்களும் தமிழைக் கையாள வல்லவை. எனவே மென்பொருள் இல்லை என்பது இன்று பொருத்தமான சாட்டு அன்று. மென்பொருளுக்கு நாம் எதனைக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

இலங்கையில் பாமினி என்னும் எழுத்துரு பல ஆண்டுகளாக அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் வேரூன்றியுள்ளது. அந்த எழுத்துருவில் தட்டெழுதிய பக்கம் அச்சில் அழகிய தமிழாகத் தோன்றும். ஆனால் கணினியின் உள்ளே இருப்பது தமிழ் அன்று. பாமினியில் 'அம்மா' என்று நாம் காணும் சொல், கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. அந்தக் குறிகளுக்கு மேல் தமிழ் வடிவம் ஒரு போர்வை போலப் போர்த்தப்பட்டுள்ளது. பிறெயில் மென்பொருள் போர்வையைப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பதையே வாசிக்கிறது. விளைவாக, தாயின் பெயரை வாசிக்க வேண்டிய பிள்ளையின் விரலுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தட்டுப்படுகின்றன. திரைவாசிப்பு மென்பொருள் மூலம் கேட்டாலும் இதே நிலைதான்.

ஒருங்குறி எனப்படும் யுனிகோட் முறையில் நிலைமை வேறு. அதில் தமிழின் அடிப்படைக் குறி ஒவ்வொன்றுக்கும் தனக்கேயுரிய இலக்கம் உண்டு. அதுமட்டுமன்றி, எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கில் அல்லாமல் ஒலிக்கும் ஒழுங்கில் சேமிக்கப்படுகின்றன. பாமினியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்ற வரிசையில் கிடக்கும். யுனிகோட்டில் க முதலிலும் ஒகரக் குறி அதன் பின்னும் வரும். உரிய முறையில் தட்டெழுதப்பட்ட 'கொழுந்து' யுனிகோட்டில் எட்டு இலக்கங்கள். பிறெயிலிலும் அது எட்டுக் குறிகள் என்பதை மேலே கண்டோம். நகரத்தின் புள்ளி மட்டும் இடம் மாறி முன்னே செல்கிறது. மற்றைய யாவும் அதே வரிசை. இரு முறைகளும் ஒலியையே அடிப்படையாகக் கொண்டமையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது இத்துணை எளிதாகிறது.

யுனிகோட்டை அடிப்படையாகக் கொண்ட எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ் எழுத்து நியமம் இலங்கையில் 2008 ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. இருந்தும் பழக்கம் நியமத்தை வென்றுவிட்டது. இவ்விடயத்தில் பத்திரிகையாளராகிய நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். இந்நாட்டின் தமிழ்ப் பத்திரிகைகளும் நெடுங்காலம் இத்தகைய பழைய எழுத்துருக்களிலேயே பக்கங்களைத் தயாரித்தன. அவ்வாறு எழுதிக் குவித்தவை விழிப்புலனற்ற வாசகரைச் சென்றடையாமலே போயின என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மையாகும்.

ஓர் ஆவணம் எந்த வகையினது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதில் ஒரு பந்தியைப் பிரதி செய்து, கணினியில் உள்ள நோட்பாட் என்னும் சாதாரணக் குறிப்பேட்டில் ஒட்ட வேண்டும். தமிழாகவே தெரிந்தால் அது யுனிகோட். ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரிந்தால் அது பழைய எழுத்துரு. பழைய ஆவணங்களை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எனினும் தமிழுக்கிடையே ஆங்கிலச் சொற்கள் உள்ள ஆவணத்தை முழுமையாக மாற்றினால் அந்த ஆங்கிலச் சொற்களும் சிதைந்துவிடும். தமிழ்ப் பகுதிகளை மட்டும் தெரிந்தெடுத்து மாற்றுவதும், மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பார்ப்பதும் அவசியம். கைத்தொலைபேசியில் தமிழில் எழுதும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே யுனிகோட்டிலேயே எழுதுகின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அனுப்பும் பாடக்குறிப்பைப் பிறெயிலாக்கலாம். அவரே பாமினியில் அழகாக அச்சிட்ட வினாத்தாளைப் பிறெயிலாக்க முடியாது. இதுவே இன்றைய விசித்திரம்.

யுனிகோட்டிலும் சில பிழைகள் கண்ணை ஏமாற்றும். பழைய தட்டச்சுப் பழக்கத்தால் காலுக்குப் பதிலாக ரகரத்தை இடுவோர் உளர். தாளில் வேறுபாடு தெரிவதில்லை. பிறெயிலில் சொல்லே மாறிவிடும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து எழுதுவதும் இவ்வகையினதே. 'ஸ்ரீ' என்னும் எழுத்துக்கு யுனிகோட்டில் இரு வேறு வழிகள் இருப்பதால், ஒரே ஆவணத்தில் இரண்டும் கலவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீபாத என்னும் பெயரை நாளும் எழுதும் பிரதேசத்தில் இது சிறு விடயமன்று.

தோற்றம் வேறு, அமைப்பு வேறு

அடுத்தது ஆவணத்தின் அமைப்பு. கண்ணால் வாசிப்பவர் தடித்த பெரிய எழுத்தைக் கண்டதும் தலைப்பு என்று அறிகிறார். மென்பொருளுக்கு அது வெறும் பெரிய எழுத்து மட்டுமே. சொற்செயலியில் தலைப்புகளுக்கென உள்ள பாணிகளைப் பயன்படுத்தினால்தான், பிறெயிலில் அது தலைப்பாக நடுவிலோ தனி வரியிலோ அமையும். முதன்மைத் தலைப்புக்கு முதலாம் நிலை, உபதலைப்புக்கு இரண்டாம் நிலை என்ற ஒழுங்கு மாறக்கூடாது. பந்தியின் தொடக்கத்தை இடைவெளிக் கட்டையைப் பலமுறை அழுத்தி உள்ளே தள்ளுவதும், புதிய பக்கம் பெறுவதற்கு வெற்று வரிகளை அடுக்குவதும் எமது தட்டெழுத்தாளரிடையே பரவலான வழக்கங்கள். பிறெயிலில் அவை வெற்றிடங்களாகவே வந்து விழும். இடைவெளிகளையும் பந்தி முடிவுகளையும் காட்டும் குறியைத் திரையில் இயக்கிவிட்டால் இத்தவறுகள் உடனே புலப்படும்.

தேவாரம் போன்ற செய்யுட் பகுதிகளில் ஒவ்வோர் அடியும் வரி முறிப்பின் மூலம் பிரிக்கப்பட வேண்டும். இடைவெளிகளால் தள்ளப்படக் கூடாது. பட்டியல்களுக்கு இலக்கமிடும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். பாடத்தை உரைப்பெட்டிக்குள் அடைத்தால் மாற்றத்தின்போது அது காணாமற்போகலாம், அல்லது தவறான இடத்தில் வந்து சேரலாம். அகன்ற அட்டவணை 40 குறிகளுக்குள் அடங்காது. அதனை வரி வரியாகச் சொற்களில் எழுதுவதே நன்று. பாடநூலை மாற்றும்போது அச்சுப் பக்க எண்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஆசிரியர் 47 ஆம் பக்கத்தைத் திறவுங்கள் என்று கூறும்போது, விழிப்புலனற்ற மாணவரும் ஏனையோருடன் அதே இடத்துக்குச் செல்ல வேண்டுமல்லவா?

படங்கள் தனிக் கவனத்துக்குரியவை. ஒரு வரைபடத்தை அகற்றிவிட்டு 'படம்' என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை. அப்படம் பாடத்தில் எதற்காக இடம்பெற்றதோ அதனை இரண்டு, மூன்று வசனங்களில் கூற வேண்டும். மழைவீழ்ச்சி வரைபாயின் மாதங்களையும் அளவுகளையும் தரவேண்டும். அதன் நிறத்தைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. பக்கங்களைப் படம் பிடித்து உருவாக்கிய பி.டி.எப். கோப்பு பிறெயில் மாற்றத்துக்கு உதவாது. எழுத்துகளை இனங்காணும் மென்பொருளால் அதனைப் பாடமாக மாற்றலாம் என்றாலும், தமிழில் பிழைகள் மலிந்திருக்கும். மூல ஆவணத்தைக் கேட்டுப் பெறுவதே சிறந்தது.

வினாத்தாளில் நிகழும் அநீதி

இவ்விடயத்தில் வினாத்தாள்களே மிகுந்த எச்சரிக்கைக்குரியவை எனலாம். 'கீறிட்ட சொல்லுக்கு எதிர்ச்சொல் தருக' என்ற வினாவில், கீழ்க்கோடு மாற்றத்தின்போது மறைந்துவிடின் விடையளிப்பது எப்படி? மாணவர் தமிழ் அறியாதவர் என்று புள்ளி குறைக்கப்படும். உண்மையில் அவரிடம் வினாவே கேட்கப்படவில்லை. அத்தகைய இடங்களில் அச்சொல்லை வினாவிலேயே மீண்டும் எழுதிக் காட்ட வேண்டும். 'இடைவெளி நிரப்புக' என்பதற்கு நீண்ட புள்ளிக்கோடு இடாமல், எங்கும் ஒரே அளவான குறுகிய குறியொன்றை இட்டு, அது எதனைக் குறிக்கிறது என்பதை வினாத்தாளின் தொடக்கத்திலேயே கூறவேண்டும். தொடர்புபடுத்தும் வினாக்களில் இரு நிரல்களையும் அருகருகே வைக்காது, முதலில் ஒரு நிரலையும் அதன் பின் மற்றையதையும் இலக்கமிட்டுத் தரவேண்டும். நிறத்தைக் கொண்டு வேறுபடுத்தும் வினாக்களைச் சொற்களால் மாற்றி அமைக்க வேண்டும். இவை சலுகைகள் அல்ல. எல்லா மாணவரிடமும் ஒரே வினாவைக் கேட்பதற்கான ஏற்பாடுகளே.

மொழிக் கலப்பு பற்றி மேலே தொட்டுச் சென்றோம். ஒரே குறி தமிழில் ககரமாகவும் ஆங்கிலத்தில் 'கே'யாகவும் அரபில் 'காஃப்' ஆகவும் வாசிக்கப்படுவதால், மொழி எங்கே மாறுகிறது என்பது ஆவணத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சொற்செயலியில் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய மொழியைத் தெரிவு செய்யும் வசதி உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. தமிழ்மொழி மூலம் பயிலும் முஸ்லிம் மாணவரின் இஸ்லாம் பாடத்தில் இது இன்றியமையாதது. திருக்குர்ஆன் வசனங்கள் பெரும்பாலும் படமாகவோ தனிவகை எழுத்துருவாகவோ ஒட்டப்படுகின்றன. அவை யுனிகோட் அரபு எழுத்தில் இருக்க வேண்டும். அரபு என மொழி குறிக்கப்பட வேண்டும். அரபு மொழி அச்சில் வலமிருந்து இடமாக வாசிக்கப்படினும் அரபுப் பிறெயில் இடமிருந்து வலமாகவே வாசிக்கப்படுகிறது என்பதைத் தட்டெழுத்தாளர் அறிந்திருத்தல் நலம். அவர் வரிசையைத் தாமாகத் திருப்பிவிடக் கூடாது; மென்பொருளே அதனைச் செய்யும். நபிகளாரின் பெயரை அடுத்து இடப்படும் ஸலவாத் வாசகத்தை ஒரே சித்திர எழுத்தாகச் செருகாமல் முழுமையாகவோ 'ஸல்' என்றோ எழுதினால் அது விடுபடாது. கிரந்த எழுத்துகளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜ, ஸ, ஹ ஆகியவற்றுக்குத் தமிழ்ப் பிறெயிலில் தனிக் குறிகள் உள்ளன.

செய்ய வேண்டியவை

ஆவணம் தயாரானதும் அதனைச் சரிபார்க்க வேண்டியவர் பிறெயில் வாசிக்கத் தெரிந்த ஒருவரே. கண்ணால் திரையைப் பார்த்துச் சரி என்று கூறுவது போதாது. அத்தகைய ஒருவர் அருகில் இல்லாவிடின், 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு ஆவணத்தை வாசிக்கச் செய்து கேட்டுப் பார்க்கலாம். காதுக்குப் பிழையாகப் படுவது விரலுக்கும் பிழையாகவே படும்.

மலையகத்தின் தூரத்தையும் வீதிகளையும் நாம் மாற்ற முடியாது. ஆனால் ஒழுங்கான கோப்பு ஒன்றுக்குத் தூரம் பொருட்டன்று. தோட்டப் பாடசாலையில் தட்டெழுதிய வினாத்தாள் சில நிமிடங்களில் புடைப்பச்சு இயந்திரம் உள்ள எந்த நகரையும் சென்றடையும். பிறெயில் காட்டி என்னும் சிறு கருவி கையில் உள்ள மாணவருக்குத் தாளும் தேவையில்லை, கோப்பே புத்தகமாகிவிடும். மழையும் மூடுபனியும் மிகுந்த எமது மலைகளில் தடித்த தாள் ஈரத்தில் இளகிப் புள்ளிகள் அமிழ்ந்துவிடும் இயல்பையும் எண்ணும்போது, மீண்டும் மீண்டும் அச்சிடத்தக்க நல்ல மூலக் கோப்பின் பெறுமதி தெளிவாகும்.

இதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. மத்திய மாகாணக் கல்வி அதிகாரிகள், வலயக் கல்விப் பணிமனைகளிலிருந்து வெளிவரும் தமிழ் வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் யுனிகோட்டிலேயே அமைய வேண்டும் என்று பணிக்கலாம். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற ஆசிரியப் பயிற்சி நிறுவனங்கள், எதிர்கால ஆசிரியருக்கு இத்தட்டெழுத்து ஒழுங்கை ஒரு நாட் பயிற்சியாகவேனும் வழங்கலாம். 1980 முதல் மாணவருக்கு இலவசமாகப் பாடநூல் வழங்கிவரும் அரசாங்கம், அந்நூல்களின் மூலக் கோப்புகளையும் பிறெயில் தயாரிப்போருக்கு அச்சுப்பணியுடன் ஒரே வேளையில் வழங்கினால், அரைவாசி வேலை முடிந்துவிடும். பள்ளிவாசல்களும் ஆலயங்களும் தொண்டு அமைப்புகளும் தமது வெளியீடுகளை இம்முறையில் தயாரித்தால் அவற்றின் வாசகர் வட்டமும் விரியும்.

இலவசப் பாடநூல் என்பது பார்வையுள்ள பிள்ளைக்கு மட்டும் உரிய சொல் அன்று. ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் இரு பிள்ளைகளில் ஒருவர் கையில் புத்தகமும் மற்றவர் கையில் வெறுமையும் இருக்குமாயின், அதற்குக் காரணம் அப்பிள்ளையின் கண்கள் அல்ல. அந்தப் பக்கத்தைத் தட்டெழுதியவரின் கவனக்குறைவும், அவருக்கு வழிகாட்டத் தவறிய எம் அனைவரின் அசிரத்தையுமேயாகும். அடுத்த தவணைப் பரீட்சைக்கான வினாத்தாளைத் தட்டெழுத அமரும் ஆசிரியர், எழுத்துருவைத் தெரிவு செய்யும் முன் ஒரு கணம் இதனை நினைவிற்கொள்வாராயின், அதுவே போதுமான ஆரம்பமாகும்.